"போன வருஷம் மாதிரியே" பட்டனுக்குப் பேட்டன்ட் கிடைக்குமா?

செங்காய்_காவேரிப்பட்டணம் (ஞாயிறு, இரவு 9.40)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சந்தூர் பக்கம் ஆறு ஏக்கர் மாந்தோப்பு. பெங்களூரா ரகத்தைக் கூழ் ஃபேக்டரிக்கு ஏற்றிவிடுவோம், அங்கே அவர்கள் சொல்வதுதான் விலை, அதைப் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை. செந்தூரா, அல்போன்சா, மல்கோவா மட்டும் மூன்று வருடமாகப் பெட்டி போட்டு நேராக வீடுகளுக்கு அனுப்புகிறேன். சென்னை, பெங்களூரு, சேலம், கொஞ்சம் கோயம்புத்தூர். சின்னதாக ஒரு வெப்சைட், நானே எழுதியது. படித்தது மெக்கானிக்கல், கோடிங் கற்றது யூடியூபில்.

அதில் இரண்டு விஷயம் வைத்திருக்கிறேன். ஒன்று, "என்றைக்குச் சாப்பிட வேண்டும்" என்று தேதி கேட்கும் கட்டம். தேதியும் ஊரும் சொன்னால், எவ்வளவு பழுத்த செங்காயைப் பெட்டியில் வைப்பது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அப்பா காம்புப் பக்கம் தோள் எவ்வளவு புடைத்திருக்கிறது என்று பார்த்து நாளைச் சொல்வார், அதை இரண்டு சீசன் நோட்டில் எழுதி வைத்துச் செய்த அட்டவணை. இன்னொன்று "போன வருஷம் மாதிரியே" என்று ஒரு பட்டன். பழைய வாடிக்கையாளர் உள்ளே வந்து அதை ஒருமுறை தொட்டால் போதும், அதே ரகம், அதே எண்ணிக்கை, அதே முகவரி, பணம் கட்டும் யூபிஐ லிங்க் அவர் போனுக்குப் போய்விடும். போன சீசனில் பாதிக்கு மேல் ஆர்டர் இந்தப் பட்டன் வழியாகத்தான் வந்தது.

ஓசூரில் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "உடனே பேட்டன்ட் போடு, இல்லையென்றால் பெரிய கம்பெனிக்காரன் எடுத்துக்கொள்வான், நான் முடித்துத் தருகிறேன், நாற்பதாயிரம் ஆகும்" என்கிறார். போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரூர்_புளி (ஞாயிறு, இரவு 10.05)

தம்பி, நாற்பதாயிரம் லாபமாக வர எத்தனை பெட்டி விற்க வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அதைச் சொல்லிவிட்டு மேலே பேசலாம்.

கொட்டாய்_வாசி (ஞாயிறு, இரவு 11.20)

உங்கள் பட்டனைப் படித்ததும் சிரித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பிடித்துப்போய்த்தான் சிரித்தேன். உலகத்திலேயே அதிகம் திட்டு வாங்கிய சாஃப்ட்வேர் பேட்டன்டுகளில் ஒன்றை நீங்கள் காவேரிப்பட்டணத்தில் உட்கார்ந்து தனியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

அமேசான் 1997 செப்டம்பரில் விண்ணப்பித்து 1999 செப்டம்பர் 28 அன்று வாங்கியது, அமெரிக்க பேட்டன்ட் எண் 5,960,411. ஒன்-கிளிக் என்பார்கள். பட்டனைத் தொடுவது அதில் சின்ன விஷயம். உங்கள் கணினியில் ஏற்கெனவே ஓர் அடையாள எண் இருக்கும், அதை வைத்து சர்வர் உங்களைத் தெரிந்துகொள்ளும், கார்டும் முகவரியும் அங்கே சேமித்து வைத்திருக்கும், அதனால் கூடை, விலாசம், உறுதி என்று நாலு பக்கம் தாண்டாமல் ஒரே செயலில் ஆர்டர் விழும். நீங்கள் செய்திருப்பதும் கிட்டத்தட்ட இதுதான், கார்டுக்குப் பதில் யூபிஐ.

வாங்கிய அடுத்த மாதமே பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற புத்தகக் கடை மேல் வழக்குப் போட்டார்கள். டிசம்பரில், அதாவது கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடித்த நேரத்தில், தடை வாங்கினார்கள். எதிர்க்கட்சி என்ன செய்தது தெரியுமா? வேண்டுமென்றே வாடிக்கையாளரை இன்னொரு முறை அமுக்க வைத்தது! ஒன்று என்றால் குற்றம், இரண்டு என்றால் குற்றமில்லை. 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தப் பேட்டன்ட் செல்லுமா என்பதிலேயே கணிசமான சந்தேகம் இருக்கிறது என்று தடையை நீக்கியது. 2002-ல் சமரசம் ஆனது. நடுவில் 2000-லேயே ஆப்பிள் சண்டை போடாமல் காசு கொடுத்து உரிமம் எடுத்துக்கொண்டது.

அப்புறம் 2006-ல் பீட்டர் கால்வ்லி என்ற நியூசிலாந்துக்காரர், அமேசானில் போட்ட புத்தகம் தாமதமாக வந்த கடுப்பில், மறுபரிசீலனை செய்யச் சொல்லி அமெரிக்கப் பேட்டன்ட் ஆபீசுக்கு எழுதினார். கம்பெனியோ பெரிய வக்கீலோ கிடையாது, தனி ஆள். அவர் எடுத்துக்காட்டிய பழைய ஆவணங்களைப் பார்த்து பேட்டன்டில் அமேசான் உரிமை கேட்டிருந்த பல அம்சங்களை 2007-ல் தள்ளுபடி செய்தார்கள், திருத்தி எழுதி 2010-ல்தான் அமேசான் அதைக் காப்பாற்ற முடிந்தது. 2017 செப்டம்பரில் காலம் முடிந்தது. இப்போது அந்தப் பட்டன் உலகத்துக்கே பொது. உங்களுக்கும்தான்.

செங்காய்_காவேரிப்பட்டணம் (திங்கள், காலை 6.15)

அடப்பாவமே. அப்போது நான் அதைப் பேட்டன்ட் செய்யவே முடியாதா? தேதிக் கட்டமாவது?

வெண்ணாம்பட்டி_பையன் (திங்கள், காலை 8.50)

தருமபுரிக்காரன்தான், இப்போது சென்னையில் பேட்டன்ட் விண்ணப்பம் எழுதும் வேலை. தினமும் கிண்டி பேட்டன்ட் ஆபீஸ் பக்கம்தான் பிழைப்பு.

சுருக்கமாகச் சொல்கிறேன். 1970-ம் வருடத்துப் பேட்டன்ட் சட்டத்தில் பிரிவு 3(கே) என்று ஒன்று இருக்கிறது. கணித முறை, வியாபார முறை, வெறும் கணினி நிரல், அல்காரிதம், இவை நம் நாட்டில் கண்டுபிடிப்பே இல்லை என்று அது சொல்கிறது. 2002 திருத்தத்தில் வந்தது. ஒரே தொடலில் ஆர்டர் என்பது வியாபார முறை, அங்கேயே கதவு சாத்தியாகிவிட்டது. "வெறும் நிரல்" என்பதில் உள்ள அந்த "வெறும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எங்களைப் போன்றவர்கள் சாப்பிடுகிறோம். 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அல்லானி வழக்கில், நிரலால் ஒரு தொழில்நுட்ப விளைவு கிடைக்கிறதென்றால் நிரல் என்ற ஒரே காரணத்துக்காகத் தூக்கி எறியக்கூடாது என்றது. உங்கள் தேதிக் கட்டம் ஒரு பழுக்க வைக்கும் அறையோடு சேர்ந்து, காயின் நிறத்தையோ வாயுவையோ அளந்து வெப்பத்தைத் தானே மாற்றுகிறது என்றால் உட்கார்ந்து பேசலாம். அப்பாவின் நோட்டை அட்டவணையாக்கிக் கட்டத்தில் போட்டது என்றால் பேச ஒன்றுமில்லை. அருமையான வேலை, ஆனால் பேட்டன்ட் சமாசாரம் இல்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை: மூன்று சீசனாக ஊர் பார்க்க இதை வைத்து வியாபாரம் செய்திருக்கிறீர்கள். விண்ணப்பிக்கும் முன்பே எல்லோருக்கும் திறந்து காட்டியது புதியது ஆகாது. இதை அந்த ஓசூர்க்காரர் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். இணையத்தில் தனி ஆளுக்கு அரசாங்க விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக் கட்டணம் தனி. மீதி எங்கே போகிறது என்று அவரையே கேளுங்கள்.

நீங்கள் எழுதிய கோடுக்குக் காப்பிரைட் எழுதிய நிமிடமே உங்களுடையது. 1957 சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பில் சேர்த்தி (ஆமாம், உங்கள் மாம்பழக் கோடும் இலக்கியம்தான்). பதிவு செய்தால் நல்லது, செய்யாவிட்டாலும் உரிமை போகாது. ஆனால் அது உங்கள் வரிகளை அப்படியே எடுப்பதைத்தான் தடுக்கும். அதே பட்டனை இன்னொருவர் தானாக எழுதினால் ஒன்றும் செய்ய முடியாது. பெட்டியின் மேல் உள்ள பெயருக்கு டிரேட்மார்க் போடுங்கள், அதற்கு மட்டும் நான் கை தூக்குகிறேன்.

தமிழில் பேட்டன்டுக்கும் காப்புரிமை, காப்பிரைட்டுக்கும் காப்புரிமை என்று பத்திரிகைகள் எழுதி எழுதியே பாதிக் குழப்பம். அதனால்தான் நான் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டேன், தமிழ் ஆர்வலர்கள் மன்னிக்கவும்.

பர்கூர்_ஹாஸ்டல் (திங்கள், பகல் 1.10)

இதைத்தான் சொல்கிறேன், நம் ஆட்கள் கண்டுபிடிப்பார்கள், பெயர் அடுத்தவனுக்குப் போகும். ஈமெயிலைக் கண்டுபிடித்தவரே தமிழர், சிவா அய்யாதுரை, பதினான்கு வயதில். அமெரிக்க அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

கொட்டாய்_வாசி (திங்கள், பகல் 2.00)

வந்துவிட்டதா. எந்த இழை ஆனாலும் நூறு பதிவுக்குள் இது வந்துவிடும், இங்கே ஆறாவதிலேயே வந்துவிட்டது.

தம்பி, அவர் 1978-ல் நியூஜெர்சி மருத்துவக் கல்லூரிக்காக ஒரு நிரல் எழுதினார், இன்பாக்ஸ், அவுட்பாக்ஸ், முகவரிப் புத்தகம் எல்லாம் வைத்து, அதற்கு EMAIL என்றே பெயரும் வைத்தார். பள்ளிக்கூட வயதில் அது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ரே டாம்லின்சன் 1971-லேயே ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கடிதம் அனுப்பிவிட்டார், பெயருக்கும் இடத்துக்கும் நடுவில் அந்தச் சுழி போட்ட 'அட்' குறியை வைத்தவரும் அவர்தான். அனுப்புபவர், பொருள், தேதி என்ற தலைப்பு வரிகளை எப்படி எழுதுவது என்று 1973-லேயே ஒரு பொது ஆவணம் வந்துவிட்டது. நீங்கள் சொல்லும் சான்றிதழ் 1982-ல் வாங்கியது, அது காப்பிரைட் பதிவு. மேலே வெண்ணாம்பட்டி சொன்னதைத் திரும்பப் படியுங்கள். "இந்த நிரலை நான் எழுதினேன்" என்பதற்குத்தான் அது சாட்சி. "இந்தக் கருத்தை முதலில் நினைத்தது நான்" என்பதற்கு இல்லை.

பர்கூர்_ஹாஸ்டல் (திங்கள், பகல் 2.25)

சரி அண்ணா, காப்பிரைட் என்பது எனக்குத் தெரியாது. இருந்தாலும் அந்த வயதில் நான் ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்துப் படம் பார்க்கப் போனேன்.

அரூர்_புளி (திங்கள், மாலை 5.30)

நான் ஒன்று கேட்கிறேன். கடையில் ஒட்டி வைத்திருக்கிறேனே கியூஆர் ஸ்டிக்கர், அதற்கும் யாராவது பேட்டன்ட் வைத்திருப்பார்கள்தானே? நாம் யாருக்கும் காசு கட்டவில்லையே. என் ஸ்டிக்கரில் ஒரு மூலை புளிக் கறை, இன்னொரு பக்கம் எலி கடித்திருக்கிறது, இன்னும் வேலை செய்கிறது.

கொட்டாய்_வாசி (திங்கள், இரவு 8.15)

அக்கா, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 1994-ல் ஜப்பானில் டென்சோ கம்பெனியில் மசாஹிரோ ஹாரா குழு செய்தது. கார் உதிரிப் பாகங்களுக்குக் கணக்கு வைப்பதற்காக. பார்கோடில் சின்ன எண்ணைத்தான் வைக்க முடியும், ஒரு பெட்டிக்குப் பல பார்கோடு ஒட்டி ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து தொழிலாளிகள் அலுத்துப்போனார்கள். 'கோ' என்று ஒரு விளையாட்டு, நம் ஆடுபுலி மாதிரிப் பலகையில் கறுப்பு வெள்ளைக் காய் வைப்பது, அதைப் பார்த்து யோசனை வந்ததாக ஹாராவே சொல்லியிருக்கிறார்.

மூன்று மூலையில் பெரிய சதுரம் இருக்கிறதே, அதில் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அச்சடித்த நோட்டீஸ், பத்திரிகை, பெட்டி எல்லாவற்றையும் அலசி, சாதாரணமாக எங்கும் தென்படாத விகிதம் எது என்று பார்த்து எடுத்தது. அதனால்தான் போன் எந்தக் கோணத்தில் பிடித்தாலும் அதைக் கண்டுகொள்கிறது. உங்கள் எலிக்குப் பதில் வேறு இடத்தில் இருக்கிறது. ரீட்-சாலமன் என்ற பிழை திருத்தும் கணக்கு, 1960-ல் வந்தது. விவரத்தோடு கூடவே உபரி எண்களையும் சேர்த்து அச்சடித்துவிடுவார்கள், அதிகபட்ச அளவில் வைத்தால் ஏறக்குறைய 30 சதவீதம் அழிந்தாலும் மீதியை வைத்து மீட்டுவிடலாம். ஆனால் அந்த மூன்று மூலைச் சதுரத்தில் ஒன்றை எலி கடித்தால் கஷ்டம், பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டன்ட் வாங்கினார்கள். ஆனால் விதிப்படி பயன்படுத்துகிறவர்கள் மேல் அந்த உரிமையைச் செலுத்த மாட்டோம் என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்கள். ஸ்கேன் செய்யும் கருவியை விற்றுச் சம்பாதித்தார்கள். ஒரு ஸ்கேனுக்கு ஒரு பைசா என்று கேட்டிருந்தால் அரூர் சந்தைக்கு வந்திருக்குமா அது?

குக்கீயும், அதாவது வெப்சைட் உங்களை அடையாளம் காண உங்கள் பிரவுசரில் வைக்கும் சின்னச் சீட்டும், அப்படித்தான். 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி எழுதியது. வெப் என்பது ஞாபகமே இல்லாத ஆள், ஒரு பக்கம் கொடுத்ததும் உங்களை மறந்துவிடும். ஒரு வாடிக்கையாளர் கம்பெனி ஆன்லைன் கடை கேட்டது, ஆனால் பாதி வாங்கிப் பாதியில் போனவர்களின் கணக்கைத் தங்கள் சர்வரில் சுமக்க முடியாது என்றது. அதற்கு வழியாக, அந்தச் சீட்டை வாங்குபவரின் பிரவுசரிலேயே கொடுத்து வைத்தார்கள். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார்கள் இல்லையா, அவருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்க வேண்டியதில்லை, டோக்கனை நீட்டினால் போதும். 1998-ல் அதற்குப் பேட்டன்டும் கிடைத்தது, ஆனால் அதற்குள் 1995-லேயே மைக்ரோசாஃப்டின் பிரவுசரும் அதே குக்கீயை எடுத்துக்கொண்டிருந்தது. கூடைக்காகச் செய்த டோக்கனை விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக நம் பின்னால் வந்தது தனிக் கதை, அதை எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு.

செங்காய்_காவேரிப்பட்டணம் (திங்கள், இரவு 9.50)

எல்லாம் சரி அண்ணா. ஆனால் கேட்க நன்றாக இருக்கிறதே தவிர எனக்கு வயிறு எரிகிறது. டென்சோ பெரிய கம்பெனி, திறந்து விட்டாலும் கருவி விற்றுப் பிழைத்துக்கொள்ளும். நான் திறந்து விட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? நாளைக்குப் பெரிய முதல் போட்டவன் ஒருவன் அதே பட்டனை வைத்து, அதே காவேரிப்பட்டணத்து மண்டியில் காய் எடுத்து, என் வாடிக்கையாளருக்கே பத்து ரூபாய் குறைத்து விற்பான். அவனை எதை வைத்துத் தடுப்பது?

வெண்ணாம்பட்டி_பையன் (செவ்வாய், காலை 9.15)

கோபம் நியாயம்தான். ஆனால் பேட்டன்ட் இருந்தால் மட்டும் சின்னவன் ஜெயித்துவிடுவான் என்று நினைக்காதீர்கள். ஆன்லைன் கடையில் கூடை இருக்கிறதே, அதற்கே அமெரிக்காவில் பேட்டன்ட் இருந்தது. ஓபன் மார்க்கெட் என்ற கம்பெனி தொண்ணூறுகளில் எடுத்தது, கைமாறிக் கைமாறி சோவரெய்ன் என்ற கம்பெனியிடம் வந்தது. அவர்கள் கடை எதுவும் நடத்தவில்லை, கடை நடத்தியவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். அமேசான் 2005-ல் நாலு கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. நியூஎக் என்ற கடை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று நின்றது. கீழ்க் கோர்ட்டில் தோற்று, 2013 ஜனவரியில் மேல்முறையீட்டில் ஜெயித்தது. வெப் வருவதற்கு முன்பே, 1984-ல் கம்ப்யூசர்வ் என்ற கம்பெனி நடத்திய கணினி அங்காடியிலேயே இந்த வேலை நடந்துவிட்டது, அதைப் பார்த்தால் துறை தெரிந்த யாருக்கும் தோன்றக்கூடியதுதான் இது என்று தீர்ப்பு. அடுத்த வருடம் 2014-ல் அங்கே உச்ச நீதிமன்றமே ஆலிஸ் வழக்கில், தெரிந்த ஒரு யோசனையை "கணினியில் செய்" என்று எழுதிவிட்டால் கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்று சொல்லிவிட்டது.

வழக்கு நடத்தக் காசு இருப்பவன் கையில்தான் பேட்டன்ட் ஆயுதம். நம்மைப் போன்றவன் கையில் அது ஃபிரேம் போட்ட காகிதம். என் பிழைப்புக்கு எதிராக நானே பேசுகிறேன், ஆபீசில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அரூர்_புளி (செவ்வாய், காலை 10.40)

தம்பி, உங்களிடம் யாரும் எடுக்க முடியாதது அந்த நோட்டு. சந்தூர்ச் செந்தூரா எந்த வாரம் பறித்தால் சேலம் போய் எத்தனை நாளில் பழுக்கும் என்று பெரிய முதல்காரனுக்குத் தெரியுமா? அதை வெப்சைட்டில் அப்படியே அச்சடித்து வைத்திருக்கிறீர்களா என்ன? வைத்திருந்தால் முதலில் எடுங்கள்.

செங்காய்_காவேரிப்பட்டணம் (செவ்வாய், காலை 10.55)

அக்கா... முழு அட்டவணையும் பக்கத்தின் கோடிலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வலது பட்டன் அமுக்கிப் பார்க்கலாம். இன்று ராத்திரியே சர்வர் பக்கம் மாற்றிவிடுகிறேன்.

அஞ்செட்டி_ரோடு (செவ்வாய், பகல் 12.30)

நான் இவருடைய வாடிக்கையாளர்தான், இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருடம் எங்கள் பக்கம் சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது, நான் அந்தப் பட்டனை நாலு முறை அமுக்கினேன். நாலு பெட்டி மல்கோவா வந்து இறங்கியது. பணம் ஒன்றுக்குத்தான் கட்டினேன், மீதியைத் தெருவுக்கே கொடுத்துவிட்டு அப்புறம் கணக்குத் தீர்த்தோம். பேட்டன்டை விடுங்கள், அதைச் சரி செய்துவிட்டீர்களா?

செங்காய்_காவேரிப்பட்டணம் (செவ்வாய், பகல் 12.45)

சார், நீங்களா அது! சத்தியமாக இன்னும் சரி செய்யவில்லை. பட்டனை ஒருமுறை அமுக்கியதும் சாம்பல் நிறமாக்கிவிடலாம் என்று இருந்தேன்.

கொட்டாய்_வாசி (செவ்வாய், பகல் 1.30)

அது போதாது. பக்கத்தைப் புதுப்பித்தால் சாம்பல் போய்விடும், பட்டன் பழையபடி பளபளவென்று நிற்கும். பக்கம் திறக்கும்போதே ஓர் ஆர்டர் எண்ணை உருவாக்கிப் பட்டனோடு ஒட்டிவிடுங்கள். எத்தனை முறை அமுக்கினாலும் அதே எண்தான் போக வேண்டும். சர்வரில் அந்த எண்ணுக்கு ஒரு வரிதான் இடம், டேட்டாபேசிலேயே அப்படிப் பூட்டிவிடுங்கள். இரண்டாவது வந்தால் புது ஆர்டர் போடாமல், முதலில் கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்க வேண்டும். பக்கத்தைப் புதுப்பித்தாலும் எண் மாறாமல் இருக்க, அதைக் குக்கீயில் வையுங்கள். மண்டியில் ஒரே சீட்டை இரண்டு முறை நீட்டினால் இரண்டு லோடு இறக்குவார்களா என்ன?

இன்னொன்று. அமேசானின் அந்தப் பேட்டன்ட் ஆவணத்திலேயே, ஒரே ஆள் கொஞ்ச நேரத்துக்குள் தனித்தனியாகப் போட்ட ஆர்டர்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் வழியும் எழுதியிருக்கிறது. காலம் முடிந்ததால் நீங்கள் தாராளமாகப் படித்துச் செய்யலாம். வழக்கில்லாமல் ஒரு பேட்டன்டால் நமக்குக் கிடைக்கும் லாபம் இதுதான், செய்முறையை விளக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

செங்காய்_காவேரிப்பட்டணம் (வியாழன், இரவு 10.20)

இரண்டு ராத்திரி உட்கார்ந்து முடித்துவிட்டேன். அட்டவணை சர்வருக்குப் போய்விட்டது, ஆர்டர் எண் பூட்டியாகிவிட்டது. ஓசூர்க்காரரிடம் 1,600 ரூபாய்க் கணக்கைக் கேட்டேன், மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார், இன்னும் மீட்டிங் முடியவில்லை. டிரேட்மார்க் பற்றி வெண்ணாம்பட்டி அண்ணனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அஞ்செட்டி சார், உங்களால் முடிந்த அளவு அமுக்கிப் பாருங்கள்.

அஞ்செட்டி_ரோடு (வெள்ளி, காலை 7.05)

மலைப்பாதையில் ஒரு கோடு சிக்னலில் நின்று ஒன்பது முறை அமுக்கினேன். நடுவில் இரண்டு முறை பக்கத்தைப் புதுப்பித்தேன். ஒரே ஆர்டர்தான் விழுந்தது, சபாஷ்.

ஆனால் தம்பி, அது போன வருஷத்து முகவரிக்குப் போகிறது. நாங்கள் கார்த்திகை மாதமே வீடு மாறிவிட்டோம்.

செங்காய்_காவேரிப்பட்டணம் (வெள்ளி, காலை 7.10)

ஐயோ. பெட்டியை நிறுத்தி வைக்கிறேன் சார், புது முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். இங்கே போடாதீர்கள்.

அரூர்_புளி (வெள்ளி, காலை 7.30)

பழைய வீட்டில் இப்போது இருப்பவர்களுக்கு மல்கோவா பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு பெட்டி செந்தூரா, புது ஆர்டர்.